திறந்து பார்க்காத ஆசீர்வாதம்

மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். வேண்டுவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் உன் சுகத்தை இந்த முறை விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் "ஓம் அம்மா, நல்லாயிருக்கிறன்" என்பாய். அதை நம்புவதற்கு எனக்கு இனி இன்னொருவருடைய சாட்சியும் தேவைப்படும். போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான், கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்குக் கோபம் வந்தாலும் பந்தி பிரித்துத்தான் வரும். இந்தக் கடிதத்தை ஒளிக்க வேண்டாம். நீ கட்டப்போகிற பிள்ளைக்கும் வாசிக்கக் கொடு. உன்னைவிட அவளுக்குத்தான் இது கூடப் பயன்படும். அவளுக்காகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அப்பா ஊர்காவற்றுறைக் கடலில் தொழில் செய்தவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அடுத்த வள்ளத்தோடு கதைத்துப் பழகிய தொண்டை அது. வீட்டுக்குள் அவர் இரகசியம் சொன்னால் அயலுக்கு வேறு பத்திரிகை தேவைப்படாது. சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் கொழும்புப் பாதை திறந்து, எல்லாரும் கொழும்புக்குப் போய்க் கலியாணச் சேலை எடுத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் கொழும்புக்குப் போய் அவருடைய தொண்டையைக் காட்டினோம். குரல்வளையை எடுக்க வேண்டும், எடுத்தால் உயிர் தப்பும் என்றார் டொக்டர். "பிறகு கதைக்க ஏலாதோ?" என்று அப்பா கேட்டார். ஏலாது என்றார் டொக்டர். உயிரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, வவுனியா தாண்டிய பிறகு, என் பக்கம் திரும்பி, "அப்ப மகன்ர கலியாணத்துக்கு என்ன செய்யிறது?" என்றார். அப்போது உனக்குக் கலியாணம் பேசியிருக்கவில்லை, மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய்.

பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் குடும்பங்களில் கலியாணத்தன்று மாப்பிள்ளை கோயிலுக்கு வெளிக்கிடுமுன் தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் இருப்பான். தகப்பன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் சொல்வார். செபப் புத்தகத்தில் உள்ளது வேறு. இது தகப்பன் தானே யோசித்து, அந்தப் பிள்ளைக்கென்று சொல்வது. ஒரு முறைதான் சொல்வார். முன்கூட்டி யாருக்கும் சொல்லிப் பார்க்கக் கூடாது. சொன்னால் பலிக்காது. இதை எந்தப் பாப்பரசர் அறிவித்தார் என்று என்னைக் கேட்காதே. அப்பாவின் தகப்பன் அவருக்குச் சொன்னதை இன்றுவரை எனக்குக்கூட அவர் சொன்னதில்லை.

வழி கண்டுபிடித்தவன் நீதான், அதை நான் மறுக்க மாட்டேன். "கொம்பியூட்டரில பதிவம் அப்பா, கலியாணத்தண்டு போடலாம்" என்றாய். அப்பாவுக்கு அது பிடித்தது. தலையை வாரி இழுத்து, கோயிலுக்குப் போடும் சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். சிவப்பு வட்டத்தை அமத்தினால் தொடங்கும், சதுரத்தை அமத்தினால் நிற்கும் என்று காட்டிக்கொடுத்தாய். எங்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். நானும் நீயும் குசினியில் நின்று, மீன் சட்டியைப் பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். வழமையாக வீதிவரை கேட்கும் அந்தக் குரல் அன்று கதவைத் தாண்டவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

"உமக்கில்லை."

நீ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "பதிஞ்சிருக்கு அப்பா. சரியா விழுந்திருக்கோ எண்டு ஒருக்காப் போட்டுப் பாப்பம்" என்றாய்.

"டேய், கலியாணத்துக்கு முதல் தாலியைக் கட்டிப் பாக்கிறேல்லை."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவர் குரலோடு சிரித்த கடைசி நாட்களில் அது ஒன்று. அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். திறந்து பார்க்கக் கூடாத ஒன்றுக்குப் பிரதி எடுக்க வெளிக்கிட்ட குடும்பம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒப்பரேசன் முடிந்து, கழுத்தில் துவாரத்தோடு அப்பா வீட்டுக்கு வந்தார். நீ லண்டனுக்குப் போகும் ஆயத்தம் நடந்தது. போகுமுன் எனக்கு நீ நடத்திய வகுப்பு நினைவிருக்கிறதா? "ஒரு இடத்தில மட்டும் வைக்கக் கூடாது அம்மா, கொப்பி எடுத்து எடுத்து வைக்க வேணும்." எனக்கு நீ சொல்லவா வேண்டும்! இடம்பெயர்ந்த சனம் நாங்கள். காணி உறுதி ஓரிடம், நகை ஓரிடம், ஞானஸ்நானப் பத்திரம் சேலை மடிப்பில் என்று பிரித்துக்கொண்டு ஓடியவர்கள். பிள்ளைகளையே எங்கள் சனம் அப்படித்தான் வைத்தது, ஒன்று கனடாவில், ஒன்று பிரான்சில், ஒன்று வீட்டில். எங்களுக்குப் பிறந்தது நீ ஒருவன் என்பதால் அந்த முறையை எங்களால் கைக்கொள்ள முடியவில்லை. கணினிக்குள்ளேயே இரண்டு இடத்தில் வைத்தாய். ஒன்று 'சீ' என்றாய், மற்றது 'டீ' என்றாய், "அது வேற இடம் அம்மா" என்றாய். ஒரு சீடி எடுத்து, அதை யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் என் தம்பி, உன் மாமாவிடம் கொடுத்துவைக்கச் சொன்னாய். ஒரு பென் டிரைவில் எடுத்து உன் கழுத்தில் செபமாலையோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாய். அது ஒரு தகப்பனுக்குப் போதுமான மரியாதையாக எனக்குப் பட்டது.

சீடியை மாமாவிடம் கொண்டுபோன கதையை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ போய்ச் சேர்ந்த கையோடு நாடும் பழையபடி சண்டைக்குத் திரும்பிவிட்டது. அல்லைப்பிட்டிச் சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். ஒரு இளம் கடற்படைப் பிள்ளை சீடியைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, இது என்ன படம்?" என்றான்.

"படமில்லை மகன். குரல்."

"யார் குரல்?"

"என்ர மனுசன்ர."

"என்ன பேசுது?"

"தெரியாது."

சோதனைச் சாவடியில் சொல்லக் கூடாத பதில்களில் இதற்குத்தான் முதலிடம். பின்னால் நின்ற சனம் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது. "தெரியாத பேச்சு ஏன் கொண்டு போறது?" என்றான். நான் கழுத்தைக் காட்டி, கத்தி வைப்பதுபோல் கையால் காட்டி, கலியாணம், ஆசீர்வாதம், மகன் லண்டன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் அவனுக்குத் தெரிந்த தமிழிலும் சொன்னேன். பையிலிருந்து விழுந்த செபமாலையைப் பார்த்துவிட்டு, தானும் வேதம், நீர்கொழும்பு என்றான். தன் தகப்பனும் கடல் என்றான். சீடியை உதட்டில் ஒற்றி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். எதிரி என்று நாங்கள் சொல்லும் ஆள் அன்று அதற்குக் காட்டிய மரியாதையை நீ மனதில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

பிறகு கணினி செத்தது. கடல் உப்புக் காற்றும் வந்து வந்து போகிற கரண்டும் சேர்ந்து கொன்றன. திருத்த வந்தவர் ஹாட் டிஸ்க் என்ற இரும்புப் பெட்டியைக் கழற்றிக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். 'சீ'யும் 'டீ'யும் எங்கே என்று கேட்டேன். "ரெண்டும் இதுக்குள்ளதான் அக்கா" என்றார். காணி உறுதியின் பிரதியை அதே அலுமாரியின் இரண்டாம் தட்டில் வைத்ததுதான் நீ சொன்ன வேற இடம். கொழும்புக்கு அனுப்பினால் உள்ளே இருப்பதை எடுக்கக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள், பாதை பூட்டிக் கிடப்பதால் கப்பலில் போய்வர மாதக்கணக்காகும், செலவும் உண்டு என்றார். அன்று பின்னேரமே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று அந்தப் பிள்ளைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

"அனுப்ப வேண்டாம் அம்மா. என்னட்ட இருக்கெல்லோ. பத்திரமா இருக்கு. ஏன் வீண் அலைச்சல்?"

"பாத்தனியோ?"

"ஓம் ஓம். நேற்றும் பாத்தனான்."

அனுப்பவில்லை. திருத்த வந்தவர் பெட்டியை உடைத்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டை அப்பாவுக்குக் காட்டினார். முகம் பார்க்கலாம் போல அப்படி ஒரு மினுக்கம். அப்பா அதை வாங்கி, நடுத் துவாரத்தில் கயிறு கட்டி, கிணற்றடித் தூணில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அதைப் பார்த்துத்தான் முகம் வழிக்கிறார். கழுத்துத் துவாரத்துக்குப் பக்கத்தில் கத்தி படாமல் வழிக்க நல்ல வெளிச்சமான கண்ணாடி தேவை. தன் குரலின் மேல் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பதை நான் இவ்வளவு நாளும் வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு நீ கேட்டாய், "அம்மா, மாமாட்ட இருக்கிற சீடியை ஒருக்கா அனுப்புவியளோ?" ஏன், உன்னிடம் இருக்கிறதே என்றேன். "இல்லை அம்மா" என்றாய். எப்போதிலிருந்து என்றேன். வந்த முதல் குளிர்காலத்திலிருந்து என்றாய். வேலைக்குரிய ஏதோ ஒன்றைக் கொண்டுபோக பென் டிரைவில் இடம் போதவில்லை, சீடி இருக்கிறதுதானே என்று அழித்துவிட்டாய். நான் கணினி செத்துப்போச்சு என்று உன்னைக் கூப்பிட்டது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து. அதாவது, நேற்றும் பார்த்தேன் என்று நீ சொன்ன நேற்றில் அது இல்லை.

மாமா கடையை இடையில் பூட்டிவிட்டு, சீடியையும் ஒரு மடிக்கணினியையும் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். அப்பாவிடம் அனுமதி வாங்கித்தான். இனிப் பலிக்குமோ பலிக்காதோ என்று பார்க்கிற நிலைமை இல்லை. பெயர் இருந்தது. நீ வைத்த பெயர்தான், 'அப்பா ஆசீர்வாதம்'. அதன் மூலையில் சின்னதாக வளைந்த ஓர் அம்புக்குறி. அமத்தினால் திறக்கவில்லை. மாமா திரையில் அந்த அம்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னார், "அக்கா, இது குரல் இல்லை. குரல் எங்க இருக்கெண்டு காட்டுற கைகாட்டி." கரம்பொனுக்குப் போகும் சந்தியில் நிற்கும் பெயர்ப்பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அலுமாரியில் வைத்து, கரம்பொன் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருக்கிறோம். அந்த நீர்கொழும்புப் பிள்ளை முத்தமிட்டதும் ஓர் அம்புக்குறியைத்தான். நீ அவசரத்தில் எதை இழுத்து எதில் போட்டாயோ, உனக்கும் தெரிந்திருக்காது. அதற்காக உன்னைக் கோபிக்கவில்லை. பிழை எல்லாருக்கும் வரும். நீ சீடியை நம்பி அழித்தாய், நான் உன்னை நம்பிப் பெட்டியை உடைக்கவிட்டேன், மாமா எங்கள் இருவரையும் நம்பி அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிரேதப் பெட்டியைத் தூக்கும்போது மற்றவர்கள் பிடிக்கிறார்கள்தானே என்று ஒவ்வொருவரும் கையை எடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

என்னைச் சமாதானப்படுத்த மாமா தன் கடையில் கிடந்த கணினிப் பாடப் புத்தகம் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அழுகிற பிள்ளைக்கு விசுக்கோத்து கொடுப்பதுபோல. அதில் காப்புப் பிரதி எடுக்கும் முறைகள் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. வேதாகமத்துக்கு அடுத்ததாக நான் கவனமாக வாசித்தது அதைத்தான். முழுப் பிரதி என்று ஒன்று, உள்ளதையெல்லாம் ஒரேயடியாக எடுத்துவைப்பது. அது பாரம், அடிக்கடி எடுக்க ஏலாது. அதனால் ஒரு முறை முழுதாக எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முறையும் கடைசியாக எடுத்ததற்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பார்களாம். சின்னது, சுருக்கமானது. நீ ஞாயிறு தோறும் கூப்பிடுவது இந்த முறை. "வேலை மாறிட்டன், அறை மாறிட்டன், சாப்பிட்டன், வைக்கிறன்." இன்னொன்று, முழுப் பிரதி எடுத்த நாளிலிருந்து மாறிய அத்தனையையும் ஒவ்வொரு முறையும் திரும்ப எடுப்பது. கனடாவிலிருந்து மாமி கதைப்பது அது. விமானம் ஏறிய நாளில் தொடங்கி நேற்று வைத்த குழம்பு வரைக்கும் ஒவ்வொரு தரமும் முழுக்கச் சொல்லுவா. காது புளிக்கும். ஆனால் இடையில் ஒன்றைத் தவறவிட்டாலும் நட்டமில்லை, கடைசியாகச் சொன்னதில் எல்லாம் இருக்கும்.

உன்னுடைய முறையில் ஒரு ஆபத்து இருக்கிறதாம். சங்கிலிபோல ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் அது நிற்கும். நடுவில் ஒரு கண்ணி பழுதானால் அதற்குப் பிறகு எடுத்த எதையும் சரியாகத் திரும்பப் பெற ஏலாது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். மகன், நான் இப்போது உன்னுடைய ஞாயிறுகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல வேலை என்றாயே, நல்ல வேலைதானா? காய்ச்சல் என்றபோது ஒரு நாளில் மாறிவிட்டது என்றாயே, மாறியதா? பூசைக்குப் போகிறேன் என்றாய். நீ சாப்பிட்டாயா என்பதைக்கூட இப்போது நான் அறியேன். ஒலிக்கோப்பு ஒன்று போனதற்கு நான் இத்தனை பக்கம் எழுதுவேனா? எனக்கு உன்னை அங்கிருந்து திரும்ப எடுத்து வைத்துப் பார்க்க இருந்த ஒரே வழி உன் வாய்ச்சொல். அதைத்தான் பழுதாக்கினாய்.

பிள்ளைக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தில் இன்னொரு முறையும் இருக்கிறது. இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு போவது. ஒன்று உடைந்தால் மற்றது காப்பாற்றும். ஆனால் ஒன்றில் பிழையாக அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழிந்துவிடும். புதுக் கலியாணக்காரர் இந்த முறையில்தான் வாழத் தொடங்குவார்கள். ஒருவர் மறப்பதை மற்றவரும் மறப்பார், ஒருவர் மறைப்பதற்கு மற்றவரும் ஓம் போடுவார். அப்படி இராதே. அவன் "இருக்கு" என்று சொன்னால், "எங்க, திற பாப்பம்" என்று கேள். திறந்து பார்க்காத பிரதி பிரதியே அல்ல என்று அத்தியாயத்தின் கடைசியில் பெட்டி கட்டி அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கடைசியில் போட்டவருக்குக் குடும்ப அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

சீடியிலும் ஒன்றும் இல்லை என்று அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். கிணற்றடியில் அரைவாசி முகம் வழித்தபடி நின்றார். கேட்டுவிட்டு மற்றப் பக்கத்தையும் வழித்து முடித்தார். நான் அவருடைய உதட்டை வாசிக்கப் பழகிவிட்டேன் என்பது உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் இப்போது எல்லாக் கதையும் அப்படித்தான். "என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்குச் சொல்லுங்கோ, எழுதி அனுப்புறன்" என்றேன்.

"அது அவனுக்குச் சொன்னது."

"அவன் எங்களை ஏமாத்தியிருக்கிறானப்பா. உங்களுக்குக் கோபமில்லையோ?"

"இருக்கு" என்றார். பிறகு, "பொடியன்தானே."

"பொடியன் கலியாணம் கட்டப்போறான்."

"அதுக்குத்தானே ஆசீர்வாதம்."

அதற்கு மேல் அவரோடு வாதாட ஏலாது. குரல் இருந்த காலத்திலேயே ஏலாது. நாங்கள் அங்கே வர விசாவுக்கும் வழியில்லை, அந்த நேரத்தில் கொழும்புக்குக் கப்பல் கிடைக்குமோ என்பதும் நிச்சயமில்லை. ஆகவே அவரே ஒரு வழி சொன்னார், அதன்படி நடக்கட்டும். நான் சம்மதித்து எழுதவில்லை, அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

கலியாணத்தன்று கோயிலுக்கு வெளிக்கிடுமுன் நீ வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. உங்களுக்கு விடிய, எங்களுக்கு மத்தியானம் ஆகியிருக்கும். அப்பா கோயிலுக்குப் போடும் சேட்டோடு இருப்பார். எடுத்ததும் நீ முழங்காலில் இரு. தனி அறையில் இரு, படம் எடுக்கிற ஆட்களை வெளியே விடு. அவர் போனைக் கழுத்தடியில் பிடித்துக்கொண்டு, அன்று சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்வார். உனக்குக் காற்றுப் போய்வருகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். சில இடங்களில் அதுவும் கேட்காது. "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடாதே. கேட்கவில்லை என்று சொல்லாதே. நான் பக்கத்தில்தான் நிற்பேன். உதட்டைப் பார்த்தால் ஒரு சொல் தவறாமல் எனக்கு விளங்கும். ஆனால் அது உனக்குச் சொல்வது, அதனால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பி நிற்பேன். முடிந்ததும் போனை நான் வாங்கி வைப்பேன். உன்னோடு கதைக்க மாட்டேன். அதுவரைக்கும் எழும்பாதே.

அம்மா